மாடசாமிக்கு லைசன் இல்லை

ஊவா மாகாணத்தில் சட்டத்துக்குப் பயந்தவர்கள் ஏராளம். சட்டத்தின் மீது காதல் கொண்டவர் ஒருவர்தான். பதுளைக்கு மேலே, நான் கிளாக்கராக இருந்த தேயிலைத் தோட்டத்தின் காவல்காரர் அவர். அவருடைய பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் லைசன்.

காட்டுப்பன்றிகளை விரட்டத் தோட்டத்துக்கு அனுமதி பெற்ற ஒற்றைக்குழல் துவக்கு ஒன்று உண்டு. வருடந்தோறும் அதன் லைசனைப் புதுப்பிக்கக் கச்சேரி என்னும் அரசாங்க அலுவலகத்துக்குப் போகும் நாளில், தன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவார். தீபாவளிக்குப் பிள்ளைகள் வெடிக்கும் பொட்டுவெடித் துவக்கைக்கூட வாங்கி, குழலுக்குள் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்.

ஒருமுறை தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தோட்டங்களில் பன்றிகள் இறங்கின. ஐந்து என்று சிலர் சொல்வார்கள்; நான் பார்த்தேன், மூன்று. துவக்கு ஆபீஸ் பெட்டகத்தில். தோட்டாக்கள் அவர் வீட்டில். இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்பது அவரே போட்டுக்கொண்ட சட்டம். துவக்கை எடுத்துக்கொண்டு தோட்டாவுக்கு ஓடினார். தோட்டாவை எடுத்தபின் லைசன் கடதாசி ஆபீசில் இருப்பது நினைவுக்கு வந்து திரும்பி ஓடி வந்தார். அவர் களத்துக்கு வந்து சேர்ந்தபோது பன்றிகள் கிழங்கை முடித்துவிட்டு, போகிற வழியில் பீன்ஸ் கொடிகளையும் பார்த்துவிட்டுப் போயிருந்தன. சனங்கள் திட்டினார்கள். அவர் அசையவில்லை.

"பன்னி சட்டத்த மீறலாங்க. நான் மீற முடியுங்களா?"

ஞாயிற்றுக்கிழமைகளில் சந்தியிலுள்ள ராசுவின் சலூனில் அவருக்கும் ராசுவுக்கும் வாக்குவாதம் நடக்கும். சட்டத்தைக் கடுமையாக்கினால் துவக்குக் குற்றங்கள் குறையுமா என்பதுதான் எப்போதும் விஷயம். குறையாது என்பது ராசுவின் கட்சி.

"கொழும்புல மோட்டார் சைக்கிள்ல வந்து சுட்டுட்டுப் போறானே லைசன் அண்ணே, அவன் உங்களோட கச்சேரி லைன்ல நின்னானா?"

"அவனுக்குத் துவக்கு என்ன தேயிலச் செடியிலயா காய்க்குது ராசு? எவனோ ஒருத்தன் தகரத்துக்கு அடியில ஒளிச்சு வச்சதுதான் கை மாறிப் போயிருக்கும்."

அந்த இடத்தில் சலூனில் இருப்பவர்களில் சிலருக்கு இருமல் வரும். அவர்கள் வீட்டுக் கூரைத் தகரத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். பன்றிக்காக ரகசியமாகச் செய்வித்த நாட்டுத் துவக்குகள். அதைவிடக் கெட்டது கட்டுத்துவக்கு: பாதையோரம் மறைத்துக் கட்டி, குறுக்கே கம்பி இழுத்து விடுவது. கம்பியில் கால் பட்டால் சுடும். வந்தது பன்றியா மனிதரா என்று அது பார்ப்பதில்லை. விறகுக்குப் போன லயத்துப் பெண் பாக்கியத்தின் வலது காலில் அப்படித்தான் குண்டு பாய்ந்தது. ஆஸ்பத்திரியில் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். நடை மட்டும் சாய்ந்துவிட்டது. அதன் பிறகு சில மாதங்கள் லைசன் யாரோடும் வாக்குவாதம் செய்யவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பொதுமன்னிப்பு அறிவித்தார்கள். லைசன் இல்லாத துவக்குகளைக் குறித்த சனிக்கிழமைக்குள் ஒப்படைத்தால் வழக்கு இல்லை. ஆனால் யார் முதலில் போவது? துவக்கோடு ரோட்டில் இறங்குகிற ஆளை, அவர் சாகும்வரை ஊர் கள்ளத் துவக்கு என்றே கூப்பிடும். லைசன் ஒரு வழி கண்டுபிடித்தார். தோட்ட எல்லையில் மாடசாமி கோயில். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் யாரும் பார்க்காமல் அங்கே வைத்துவிட்டுப் போங்கள், காலையில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று லயம் லயமாகச் சொன்னார். பொலிசிலும், அத்தனைக்கும் தானே பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.

"சாமிகிட்ட குடுத்திருங்க" என்று சொன்னதுதான் பிழை. எங்கள் சனங்கள் சாமிக்குக் கொடுப்பது எப்படி என்று அறிந்தவர்கள். சனிக்கிழமை காலையில் நாங்கள் போனபோது, அருவாள்களுக்கும் சூலங்களுக்கும் பக்கத்தில் ஆறு துவக்குகள் மஞ்சள் துணி கட்டி, சந்தனம் பூசி, குழல் வாயில் எலுமிச்சம்பழம் செருகி நின்றன. ஆறு என்பது தவறு. ஐந்துதான். ஆறாவது தண்ணீர்க் குழாய். துவக்கே இல்லாத ஒருவர், தான் மட்டும் நேர்த்திக்கடன் செய்யாமல் இருக்கக் கூடாதென்று வைத்தது.

பூசாரி குறுக்கே நின்றார். சாமிக்கு வைத்ததைத் திருப்பி எடுக்க முடியாது, எடுத்தால் ரத்தம் கக்க வேண்டும் என்றார். அன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அவை கள்ளத் துவக்குகள். எழுதிக் கொடுத்த பொறுப்பாளி லைசன். வேலை போகும், மறியலும் கிடைக்கும், சிறைக் கம்பி எண்ண வேண்டும். சட்டத்தை மீறாமலேயே மறியலுக்குப் போகும் முதல் ஆள் இவராகத்தான் இருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

லைசன் சாமிக்கு முன்னால் போய்க் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். பிறகு அமைதியாகக் கேட்டார்.

"பூசாரி, சாமிக்கு லைசன் இருக்கா?"

பூசாரி விபூதித் தட்டைக் கீழே வைத்தார்.

"அருவாளுக்கு வேணாம். சூலத்துக்கு வேணாம். துவக்குக்கு வேணும். நாளைக்கு சாமி மேல கேசு போட்டா, பிணை எடுக்க நீ வருவியா?"

கூட்டம் முணுமுணுத்தது. கடைசியில் பூக்கட்டிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. வெள்ளைப் பூவும் சிவப்புப் பூவும் தனித்தனிப் பொட்டலங்களில். வெள்ளை வந்தால் துவக்குகள் போகலாம். எடுக்க யாரைக் கூப்பிடுவது என்று பார்த்தபோது, பாக்கியம் தானாகவே சாய்ந்து சாய்ந்து முன்னால் வந்தாள். ஒரு பொட்டலத்தை எடுத்தாள். பிரிக்கவில்லை. அப்படியே சாமியின் காலடியில் வைத்தாள்.

"எந்தப் பூவா இருந்தாலும் சாமியே வச்சிக்கட்டும். நீங்க துவக்கக் கொண்டு போங்க மாமா."

பூசாரி வழிவிட்டார்.

ஆனால் சாமியின் பொருள் சும்மா போகலாமா? தப்பு மேளம் வந்தது, சூடம் வந்தது. துவக்கோடு ஒருவர் கண்ணிலும் படக் கூடாது என்று பயந்தவர்களெல்லாம் ஆளுக்கொரு துவக்கைத் தலையில் வைத்து, மேளதாளத்தோடு ரோட்டில் இறங்கினார்கள். ஆயுதங்களோடு ஒரு கூட்டம் வருவதைக் கண்ட பொலிஸ் நிலையத்தில் அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். முன்னால் கல்யாணக் கோட்டில் வந்த லைசன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினார். துவக்குகளுக்கு ரசீது கொடுத்தார்கள். குழாயைத் திருப்பிக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுத்ததற்கும் லைசன் ரசீது கேட்டு வாங்கினார்.

அடுத்த ஞாயிறு ராசு விடவில்லை. இப்போது கொழும்பில் குறைந்துவிட்டதா என்று கேட்டான். கொழும்பைப் பற்றித் தனக்குத் தெரியாது, இந்த மலையில் ஐந்து குறைந்திருக்கிறது என்றார் லைசன். ராசு அன்று அவரிடம் முடி வெட்டக் காசு வாங்கவில்லை.

அதன் பிறகு பெண்கள் விறகுக்குப் போகும்போதெல்லாம், அவர்களுக்கு முன்னால், குறுக்கே கம்பி தட்டுப்படுகிறதா என்று ஒரு தடியால் தடவியபடி லைசன் அந்தப் பாதையில் நடப்பதைக் கவனித்தேன். எல்லாவற்றையும் ஒப்படைத்தாயிற்றே, பிறகு ஏன் என்று கேட்டேன்.

"எல்லாரும் குடுத்துட்டாங்கன்னு சட்டம் நம்பலாம் கிளாக்கரய்யா. நான் முன்னுக்கு ஒருவாட்டி நடந்துட்டா, அந்தப் பாக்கியம் புள்ள பின்னுக்குப் பயமில்லாம வரும்."

எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான். ஆனாலும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பின்னால் நானும் விறகுக்குப் போனேன்.