போன வருஷத்துக்கு இந்த வருஷம்

வாசகரே, கிட்டார் வாசிப்பவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. வாங்கி மூலையில் சாத்திவைத்தவர்கள் மீதும் இல்லை. அவர்களை அக்கம்பக்கத்தார் வாழ்த்தவே செய்கிறார்கள். இந்த இரு வகையினருக்கும் நடுவில் ஒரு வர்க்கம் உண்டு: கிட்டாரில் தாம் எவ்வளவு முன்னேறிவிட்டோம் என்று பார்த்துக்கொண்டே இருப்பவர்கள். அடையாளம் காண்பது சுலபம். "என்ன பாட்டு வாசிப்பீங்க?" என்று கேட்டுப்பாருங்கள். "போன வருஷத்துக்கு இந்த வருஷம் எவ்வளவோ பரவாயில்லை" என்பார்கள்.

எங்கள் மாடியில் அப்படி ஒருவர் குடியிருக்கிறார். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். ஐம்பதைத் தாண்டியபின் கிட்டார் வாங்கினார். மாதம் பிறந்துவிட்டால், அதே நாற்காலியைப் போட்டு, அதே நீலச் சட்டையை மாட்டி, வெளிச்சம் மாறக்கூடாது என்று ஜன்னலைச் சாத்தி, இரைச்சல் கூடாது என்று மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க விறுவிறுக்க அதே விரல் பயிற்சியை வாசித்துக் கைபேசியில் பதிவு செய்வார். சட்டை எதற்கு? ஒப்பிடும்போது வேறு எதுவும் மாறியிருக்கக்கூடாதாம். வருஷம் போகப்போக அந்தப் பதிவுகளில் ஐயமின்றித் தெரிந்த வளர்ச்சி, சட்டைப் பொத்தான்களுக்கு நடுவே விழுந்த இடைவெளி ஒன்றுதான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் தப்ப முடியாது. கடையில் லென்ஸை மாற்றி மாற்றிக் கேட்கும் அதே குரலில், "இது முதல் வருஷம், இது இந்த வருஷம். எது தெளிவா இருக்கு?" என்பார். அவர் மைத்துனர் பஸ் ஓட்டுநர். மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறவர்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது மாமா."

"நல்லாக் கேளு மாப்ள. அதுல சுண்டுவிரல் இழுக்குது. இதுல இழுக்கல."

"சரி, பாட்டு எப்ப வரும்?"

"முதல்ல அடிப்படை சரியா வரட்டும்."

மைத்துனர் இப்போதெல்லாம் வாசலோடு அக்காவைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்.

அந்த அக்கா குழந்தைகள் வார்டில் தலைமை நர்ஸ். இத்தனை வருஷத்தில் ஒரு குறை சொன்னதில்லை. அதோடு நிற்காமல், "எங்க வீட்டுக்காரர் கிட்டார் கத்துக்கிறார்" என்று வார்டு முழுக்கப் பெருமையாகச் சொல்லியும் வைத்திருந்தார். அதுதான் வினையாயிற்று. அவர் ஓய்வுபெறும் அன்று ஆஸ்பத்திரி கேன்டீனில் பிரிவு உபசாரம். சார் வாசித்தே ஆகவேண்டும் என்று இளம் நர்சுகள் ஒரே பிடிவாதம். நானும் போயிருந்தேன்.

சாரிடம் பாட்டு ஏது? கைபேசியில் டிக் டிக் என்று தாளத்தை ஓடவிட்டுப் பயிற்சியை ஆரம்பித்தார். விரல்கள் மேலே ஏறின, கீழே இறங்கின, மறுபடியும் ஏறின. பிசகு ஒன்றுகூட இல்லை. பாட்டு எப்போது தொடங்கும் என்று எல்லாரும் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். முடித்துவிட்டு நிமிர்ந்தார். ஒரு கைத்தட்டல் இல்லை.

டீத் தட்டோடு நின்றிருந்த கேன்டீன்காரர்தான் மரியாதையாகச் சொன்னார்: "சுருதி சேத்தாச்சுன்னா ஆரம்பிக்கலாம் சார்."

சிரிக்கக்கூட யாருக்கும் தைரியம் வரவில்லை. சாருடைய காதுமடல் சிவந்துபோயிற்று. கிட்டாரை உறையில் போடக் குனிந்தார்.

அவர் மனைவியான அந்த அம்மாள் எழுந்து வந்து அவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். பாட ஆரம்பித்தார். ஊசி போட்டபின் அழுகிற பிள்ளைகளுக்காக அவராகவே கட்டி, காலமெல்லாம் வார்டில் பாடிவந்த நாலு வரிப் பாட்டு. மனிதர் பதறிப்போய்க் கம்பிகளை ஒரு பிடி பிடித்தார். தப்பு. வேறு பிடி. அதுவும் தப்பு. மூன்றாவது பாட்டோடு ஒட்டிக்கொண்டது. விரல் மாற்ற அவர் திணறிய இடங்களிலெல்லாம் அந்த அம்மாள் சொல்லை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். விரல் வந்தபின் அடுத்த சொல்லுக்கு நகர்ந்தார். இரண்டாம் முறை பாடும்போது வார்டே சேர்ந்துகொண்டது. கேன்டீன்காரர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். அம்மாளுக்குக் கண் கலங்கிற்று. சாருக்கும்தான்.

திரும்பும்போது வண்டியில் அவர்கள் இருவரும் பின்னால், நான் முன்னால்.

"நாலஞ்சு இடத்துல உன் வேகம் குறைஞ்சிடுச்சு" என்றார் அவர்.

"நீங்க வந்து சேரட்டும்னுதான் நின்னேன்."

அதற்கப்புறம் அவர் அந்த நாலு வரியைத் தனக்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மனிதர் திருந்திவிட்டார் என்றே நினைத்தேன். எங்கள் தெருவில் வண்டி திரும்பியது.

"யாராவது ரெக்கார்டு பண்ணாங்களா?"

"எல்லாரும் பாடிட்டுல்ல இருந்தாங்க."

"அப்ப இத எதோட ஒப்பிடுறது? இன்னொரு நாள் அதே கேன்டீன்ல, அதே மாதிரி..."

"அதுக்கு நான் மறுபடி வேலைல சேர்ந்து ரிட்டயர் ஆகணும்."

இப்போது சாயங்காலமானால் மாடியிலிருந்து அந்த நாலு வரி கேட்கிறது, இரண்டு பேராக. அம்மாள் இன்னமும் அங்கங்கே நின்றுதான் பாடுகிறார். மாதப் பதிவும் தவறாமல் நடக்கிறது. எல்லாவற்றையும் ஒரேயடியாக எதிர்பார்க்க முடியுமா?

நீங்கள் கிட்டாரைத் தொட்டதே இல்லை. தெரியும். ஆனால் நடக்கப் போன இடத்தில் மரத்தைப் பார்க்காமல், எத்தனை அடி ஆயிற்று என்று மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்தபடியே நடப்பது யார்? இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் எவ்வளவு மிச்சம் என்று நடுவில் ஒருதரம் கடைசிவரை பார்த்துவிட்டு வந்தது யார்? நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. வழக்கத்தைவிடச் சீக்கிரமாகவே படித்து முடித்திருக்கிறீர்கள்.