டவல் சார் பிடித்த இடம்

இடம் பிடிப்பதில் டவல் சாரை மிஞ்ச மைசூரில் ஒருவர் பிறந்ததில்லை. பிறந்திருந்தாலும் அவர் இந்நேரம் எங்காவது நின்றுகொண்டுதான் இருப்பார். சார் முப்பது வருஷம் கொள்ளேகால் தடத்தில் கண்டக்டர். ஜன்னல் வழியாக டவலை எறிந்து சீட் பிடிக்கிறவர்களோடு சர்வீஸ் முழுக்க மல்லுக்கட்டியவர், ரிடையரான மறுநாளே தன் தோளிலும் ஒரு டவலைப் போட்டுக்கொண்டு எங்கள் பேட்டையான விஜயநகரில் இடம் பிடிக்கக் கிளம்பிவிட்டார்.

பல் டாக்டர் வீட்டு பெஞ்சு, ரேஷன் கடை வரிசை, கல்யாணப் பந்தி, எதுவும் தப்பாது. ஒருநாள் என் வீட்டு வராந்தாவில் பேசிக்கொண்டிருந்தபோது காபி எடுத்துவர எழுந்து போனேன். திரும்பி வந்தால் என் சொந்த நாற்காலியில் அவர் டவல்.

"சார், இது என் வீடு!"

"இருக்கட்டுமுங்க. எந்திரிச்சா எடம் போயிருமுங்க. காலம் கெட்டுக் கெடக்குது."

இத்தனைக்கும் மனுஷன் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காரச் சொன்னால், "கண்டக்டருக்கு ஏதுங்க சீட்டு?" என்று வராந்தாத் தூணில் சாய்ந்துகொள்வார். அடுத்தவருக்கு இடம் போய்விடுமே என்பதுதான் அவருடைய ஒரே கவலை. அது தொற்றுகிற கவலை. அவர் வந்து போனால் எனக்கு பிரஷர் ஏறிவிடும்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு காலி மனை. அதில் நீலத் தார்ப்பாய்க் குடிசைகள் ஐந்தாறு. ஹனூர் பக்கத்திலிருந்து வந்து, ஊருக்கெல்லாம் மாடி வீடு கட்டிக் கொடுக்கிற குடும்பங்கள். ஒரு கட்டடம் முடிந்தால் தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த மனை. மனைக்காரர் வந்து முறைத்தால் அதற்கு முன்னாலேயே. பிள்ளைகளின் படிப்பையும் அதே தார்ப்பாயில்தான் சுருட்ட வேண்டியிருந்தது.

டவல் சாருக்கு இது பொறுக்கவில்லை. தினமும் காலை எட்டரைக்குக் குடிசைகளுக்கு முன்னால் பழைய விசிலை ஊதுவார். ஒன்பது தலை. எண்ணிக்கை சரியாக இருந்தால் "ரைட், ரைட்!" வரிசை பள்ளிக்கூடத்துக்கு நகரும். ஒரு தலை குறைந்தாலும் நகராது. என் மனைவி பால்கனியிலிருந்து, "இன்னைக்கும் லேட்டா புறப்படுது உங்க ஃப்ரெண்டோட பஸ்" என்பாள்.

ஒன்பதில் மூத்தவள் செல்வி. பத்தாவது படித்தாள், கணக்கில் புலி. பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மனைக்காரர் பூமி பூஜைக்கு நாள் குறித்துவிட்டார். ஒரே பகலில் குடிசைகள் காலி. மற்றவர்கள் அடுத்த தெரு மனையோடு நின்றார்கள். செல்வியின் குடும்பம் மட்டும் நஞ்சன்கூட்டில் ஏதோ ஃபேக்டரி கட்டுகிற இடத்துக்குப் போய்விட்டது.

நாலு நாள் பஸ்ஸில் வந்தாள். அப்புறம் வரவில்லை. அவள் உட்காரும் பெஞ்சில் மறுநாள் காலையில் பச்சைக்கரை டவல் ஒன்று கிடந்தது.

ஹெட்மிஸ்ட்ரஸ் கூப்பிட்டு அனுப்பினார். நானும் தெரியாத்தனமாகக் கூடப் போய்விட்டேன். பேச்சு நடந்தது கன்னடத்தில். நான் தமிழில் சொல்கிறேன்.

"என்ன ஸ்வாமி இது? இது ஸ்கூலா, பஸ்ஸா?"

"ஆள் இருக்குதுங்க மேடம். சும்மா கீழ எறங்கியிருக்குது. வந்துரும்."

"இப்படியே வராம இருந்தா பேரை எடுக்கவேண்டி வரும். அப்புறம் பரீட்சை எழுத முடியாது, பாத்துக்குங்க."

சார் கைகூப்பினார். "டவலை வேணும்னா தூக்கிப் போடுங்க மேடம். சண்டைக்கு வரமாட்டேன். பேரை மட்டும் எடுத்துராதீங்க. அந்தப் புள்ளைக்கு இந்த ஊர்ல இருக்கிற ஒரே எடம் அதுதானுங்க."

ஹெட்மிஸ்ட்ரஸ் வருகைப் பதிவேட்டை மூடி வைத்தார். பிறகு, "சனிக்கிழமை எடுத்துட்டுப் போய்த் துவைச்சுக் கொண்டுவாங்க. ஒரே அழுக்கு" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் நஞ்சன்கூடு பஸ்ஸில் ஏற்றிவிட்டார் சார். ஃபேக்டரி கட்டும் இடத்தைக் கண்டுபிடித்தால், குடிசைகளை அங்கிருந்தும் நகர்த்திவிட்டார்களாம். மொட்டை வெயிலில் நாலு இடம் விசாரித்தோம். ஒவ்வொரு இடத்திலும் "இல்லை" என்று கேட்கக் கேட்க அவருக்கு நடை வேகமாகியது, நான் பின்னால் ஓடினேன். கடைசியில் ஒரு செங்கல் அடுக்குக்குப் பின்னால் இருந்தாள் செல்வி. இடுப்பில் தம்பி, கையில் கணக்குப் புத்தகம்.

அவள் அப்பா மரியாதையான மனுஷர். "படிக்க வேண்டாம்னு யாருங்க சொன்னது? நாங்க ரெண்டு பேரும் கலவை வேலைக்குப் போயிட்டா சின்னவனை யாருங்க பாக்கிறது?"

"வாரத்துல மூணு நாளாச்சும் விடுங்க. பரீட்சைக்கு எல்லா நாளும்," என்றார் சார். "பஸ்ஸுல எடம் நான் சொல்லி வெக்கிறேன். கண்டக்டருங்க எல்லாம் நம்ம பசங்கதான்."

அந்த நாட்களில் அவள் அம்மா வேலைக்குப் போகாமல் சின்னவனைப் பார்த்துக்கொள்ள, அப்படித்தான் அந்த இரண்டு மாதம் ஒப்பேறியது. ஹால்டிக்கெட்டும் வந்தது.

முதல் பரீட்சை வேறொரு பள்ளிக்கூடத்தில். டவல் சார் என்னையும் இழுத்துக்கொண்டு எட்டு மணிக்கே கேட்டில் நின்றார். பரீட்சை பத்துக்கு. ஒன்பதரைக்கும் செல்வியைக் காணோம். அவள் அப்பா போன் ஸ்விட்ச் ஆஃப். "வந்துடுவா சார், வந்துடுவா" என்று நான் சொன்னது அவருக்கா எனக்கா என்று தெரியவில்லை. 

சார் டவலை உதறி மடித்து கேட் காவலாளியிடம் நீட்டினார். "அண்ணா, இதை மட்டும் அந்தப் பொண்ணோட பெஞ்சுல போட்டுருங்க. எடம் போயிரும்."

"யோவ், பெஞ்சுல நம்பர் ஒட்டியிருக்கு. அந்தப் பொண்ணைத் தவிர யாரும் உக்கார முடியாது."

"அவ வர லேட்டானாக்கூடவா?"

"வரவே இல்லேன்னாலும் காலியாத்தான் கெடக்கும்."

சார் என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "கேட்டீங்களா? சர்க்காரே எடம் போட்டு வெச்சிருக்குதுங்க!" அடுத்த நிமிஷமே தலையில் கை வைத்துக்கொண்டார். "ஐயோ, ஆளைக் காணோமே!"

முதல் மணி அடித்தது. அப்போதுதான் தெருமுனையில் ஓடி வந்தாள். ஒரு கையில் செருப்பு, இன்னொரு கையில் ஹால்டிக்கெட். வழியில் பஸ் டயர் வெடித்து, தக்காளி டெம்போவைக் கைகாட்டி நிறுத்தி ஏறி வந்திருக்கிறாள். டவல் சார் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார் பாருங்கள், கேட்டில் நின்ற போலீஸ்காரரே ஓரமாக ஒதுங்கிவிட்டார். "போ அம்மிணி, போ! ரைட், ரைட்!"

அவள் உள்ளே போனதும் கேட் மூடியது. சார் டவலை விரித்து மதில் ஓரத் திட்டில் உட்கார்ந்தார். ஆமாம், உட்கார்ந்தார். மூன்று மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

செல்வி பாஸ். இப்போது மாணவியர் விடுதியில் தங்கி பி.யூ.சி., அதாவது பதினொன்றாவது, படிக்கிறாள். சேர்ந்த அன்று வார்டன் போனிலிருந்து என் போனுக்குக் கூப்பிட்டாள். சார் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, பாடத்தைப் பற்றியும் கேட்கவில்லை.

"அம்மிணி, கட்டில்ல நம்பர் போட்டிருக்குதா?"

"இருக்குது தாத்தா. பதினாலு."

"லீவுக்குப் போனாலும் அது உன்னுதுதான?"

"என்னுதுதான் தாத்தா."

போனை என்னிடம் கொடுத்துவிட்டு டவலால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

போன வாரம் கண் ஆபரேஷனுக்காக மகன் வீட்டுக்குக் கொள்ளேகால் போயிருக்கிறார். சின்ன ஆபரேஷன்தான், பத்து நாளில் வந்துவிடுவார் என்கிறார்கள். எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. எட்டரை மணி விசிலை அவர் அடுத்த தெருப் பிள்ளைகளுக்காக என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அதை ஊதிவிட்டு வந்து வராந்தாவில் உட்கார்ந்துகொள்கிறேன். அவர் சாயும் தூணில் என் டவல் ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறேன்.