பவுடர் மாமாவின் ஒரு ஸ்பூன்

கொல்கத்தாவிலேயே தும்மலுக்குப் பயந்து வாழ்ந்த ஒரே இடம், தொண்ணூறுகளில் டாலிகஞ்சில் இருந்த எங்கள் காலனிதான். காரணம், கீழ்வீட்டுப் பவுடர் மாமா. தும்மல் காதில் விழுந்தால் போதும், ஸ்பூனும் டப்பாவுமாக வாசலில் நிற்பார்.

ஊருக்கு வெளியே ஒரு கோழிப் பண்ணையில் அவர் மேனேஜர். டப்பாவில் இருந்தது கோழிகளுக்கான ஆன்டிபயாடிக் பவுடர். நோய் இருக்கிறதோ இல்லையோ, திங்கட்கிழமையானால் கோழிகளின் குடிதண்ணீரில் அதைக் கலந்தாக வேண்டும்.

"நோய் வந்தப்புறம் மருந்து குடுக்கறது டாக்டர் வேலை சார். வர்றதுக்கு முன்னாடியே குடுக்கறது மேனேஜ்மென்ட்!" என்பார்.

பூஜைப் பந்தலில் மைக் பிடித்த காலனிச் செயலாளர் ஒருமுறை லேசாக இருமிவிட்டார். மாமா ஸ்பூனோடு மேடையேற, மனிதர் வரவேற்புரையை நன்றியுரையாக்கிவிட்டு இறங்கி ஓடினார். நானே என் ஜலதோஷத்தை வீட்டுக்குக் கொண்டுவராமல், வேலை பார்த்த பேங்க்கிலேயே தும்மித் தீர்த்திருக்கிறேன்.

பண்ணையில் தொட்டிக்குள் கையை விட்டுப் பவுடர் கலக்கும் தொழிலாளி நிமாய். கூண்டுக் கம்பி கீறி அவன் வலது கை வீங்கியது. மாமா ஒரு ஸ்பூன் கொடுத்தார். மறுநாள் வேறு டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பூன். வீக்கம் முழங்கையைத் தாண்டி, காய்ச்சலில் நிமாய் பிதற்ற ஆரம்பித்ததும் என் கதவைத் தட்டினார்.

"சார், பவுடர் கேக்க மாட்டேங்குது. வண்டி பிடிங்க."

ஆஸ்பத்திரியில் சீழைப் பரிசோதித்தார்கள். இந்தக் கிருமியிடம் எடுபடாத மருந்துகள் என்று டாக்டர் ஒவ்வொரு பெயராகப் படிக்கப் படிக்க, மாமாவின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எல்லாம் அவர் மூட்டை மூட்டையாக வாங்கியவை.

"இந்த மருந்தெல்லாம் தின்னே வளர்ந்த கிருமி. இவர் எங்கே வேலை பார்க்கிறார்?" என்றார் டாக்டர்.

பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி மாமா கையைத் தூக்கினார். "என்கிட்டதான்."

"கையையே எடுக்க வேண்டி வரலாம். ஒரே ஒரு ஊசிதான் பாக்கி" என்று டாக்டர் அதன் பெயரைச் சொன்னார்.

"கேள்விப்பட்டதே இல்லையே!" என்ற மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லவேளை சார், இதை நான் கோழிக்குக் குடுக்கல."

அங்கிருந்தே பண்ணைக்குப் போன் போட்டுத் தொட்டிகளைக் கவிழ்க்கச் சொன்னார்.

ஊசி கேட்டது. கை தப்பியது. கட்டுப் போட்ட கையால் சாப்பிட முடியாத நிமாய்க்கு, மீன் வாசனைக்கே மூக்கைப் பொத்திக்கொள்ளும் மாமா, தினமும் மீன்குழம்புச் சோற்றைப் பிசைந்து ஊட்டினார்.

"மேனேஜர் பாபு, முள்ளை எடுத்துட்டுக் குடுங்க" என்றான் நிமாய்.

எது முள், எது மீன் என்று தெரியாமல் மாமா விரலால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார். அந்த மனிதரை எனக்கு அன்றைக்கு ரொம்பப் பிடித்துப்போனது.