ஊசி போட்ட கார்

கடற்காற்றோடு பச்சைப் பெற்றோல் மணம் வந்தால் போதும், எனக்கு எங்கள் தெரு மெக்கானிக் ஊசிக் காக்காவின் நினைவு வந்துவிடும். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எந்த இஞ்சினும் அவரிடம் பொய் சொன்னதில்லை; மனிதர்கள்தான் சொன்னார்கள்.

அந்தப் பெயரை வாங்கித் தந்தது அவருடைய பலகை. கராஜ் வாசலில் ‘இங்கு இஞ்செக்சன் போடப்படும்’ என்று எழுதி மாட்டினார். மறுநாளே சம்மாந்துறையிலிருந்து ஓர் உம்மா காய்ச்சல்காரப் பிள்ளையோடு வந்து வாங்கில் உட்கார்ந்துவிட்டார்.

“டொக்டர் எப்ப வருவாரு?”

“நான்தான் உம்மா. வாகனம் எங்க நிக்கிது?”

காக்காவின் கிறீஸ் படிந்த கையைப் பார்த்ததுமே பிள்ளைக்குச் சுகம் வந்து எழும்பி ஓடிவிட்டது.

எங்கள் வாப்பாவின் பழைய ஜேர்மன் கார்தான் அவருடைய ஆறாத புண். யுத்தகாலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காமல், பெற்றோலைத் தூறலாய்ப் பீச்சும் இஞ்செக்சனைக் கழற்றிவிட்டு இரண்டு காபரேட்டரைப் பூட்டியது அவரேதான். கார் ஓடியது, சந்திக்குச் சந்தி இருமிக்கொண்டு ஓடியது. அது எதிரே வந்தால் காக்கா மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வார்.

வாப்பா மௌத்தாகி, கார் என் கைக்கு வந்தபின், கொழும்பில் ஒருவருக்கு அதை விற்கப் பேசினேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிய வந்து எடுப்பதாகச் சொன்னார். திங்கட்கிழமை காலையில் காக்கா என் வாசலில்.

“வித்துட்டியாமே?”

“ஓம் காக்கா.”

“வித்துட்டுப் போ. ஆனா என்ட கைக்குறையோட அத ஊர விட்டு அனுப்பாத தம்பி. என்ட மானம் கொழும்புல போய் இருமும்.”

காரை அன்றே வீட்டோடு இருந்த தன் கராஜுக்குக் கொண்டுபோனார். அன்று கழற்றிய சாமான் ஒன்றையும் அவர் எறிந்திருக்கவில்லை. இஞ்செக்டர் நாலும் பால்மா டின்னுக்குள். இஞ்செக்சனை இயக்கும் கம்பியூட்டர்ப் பெட்டி மனைவியின் கலியாணச் சாரிக்கு அடியில். டேங்கின் துருவைக் கழுவினார். இற்றுப்போன ரப்பர்க் குழாய்களை மாற்றினார். புதுப் பம்ப் பூட்டினார். இஞ்செக்டர்கள் சமமாகப் பீச்சுகின்றனவா என்று பார்க்க ஒரேயளவுப் போத்தல்கள் வேண்டுமென்று குசினிக்குள் போய் வந்தார்.

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து மனைவியின் குரல்: “அச்சாறு எங்க?”

“சட்டிக்குள்ள.”

“போத்தல்?”

“சோதினையில இரிக்கி.”

மூன்று பாஸ். நாலாவது இஞ்செக்டர் பீச்சாமல் சொட்டியது. வியாழக்கிழமை முழுக்க அதைக் கழுவுவதும் ஊதுவதும்தான். “நீ மட்டும் ஏண்டா மூக்கச் சிந்துற?” என்று ஏசினார். பின்னேரம் அஸர் பாங்கு சொல்லும் நேரம் நாலு போத்தலிலும் ஒரே மட்டம்.

வெள்ளிக்கிழமை கொழும்புக்காரர் வந்தார். பொனட்டைத் திறந்து வெகுநேரம் குனிந்து நின்றார்.

“ஒருக்கா ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்களேன்.”

“ஓடிட்டுத்தான் நிக்கிது சேர்,” என்றார் காக்கா.

வள்ளங்கள் கரையேறியபின் கிடக்கும் கடல்போல அத்தனை மெதுவான மூச்சு. அன்று எங்கள் தெரு முழுவதும் அரையடி உயர்ந்து நின்றது.

கார் புறப்படும்போது காக்கா ஜன்னலில் குனிந்தார்.

“ஆரும் கேட்டா, கல்முனையில செஞ்ச வேலையெண்டு சொல்லுங்க.”

தன்னைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. நான் மற்றப் பக்க ஜன்னலுக்கு ஓடினேன்.

“எங்கட காக்கா செஞ்சதெண்டும் சொல்லுங்க.”