பவுனுக் காகத்துக்கு வந்த ஓடிபி

ஒரு காட்டில் டவர் நட்டார்கள். சிங்கத்தின் குகையில் இன்னும் சிக்னல் கிடைக்கவில்லை, அதை விடுங்கள். டவரோடு ஒரு கிடங்கும் வந்தது. மழைக்காலத்துக்கு வேண்டிய தானியத்தை அதில் போட்டுப் பூட்டலாம். சாவி மட்டும் கிடையாது.

"பின்னே எப்படித் திறக்கிறதாம்?" என்று கேட்டது பவுனு என்கிற காகம். கூட்டில் மூன்று குஞ்சுகள். அதுகளுக்காக வெயிலில் அலைந்து பொறுக்கிச் சேர்த்த நெல்லோடு வந்திருந்தது.

கிடங்குக் கிளார்க் ஆமை கொட்டாவி விட்டுக்கொண்டே விளக்கியது. "யூசர்நேம்னா ஊரே உன்னைக் கூப்பிடுற பேரு. பாஸ்வேர்டுனா உனக்கு மட்டும் தெரிஞ்ச பேரு. ரெண்டையும் கதவுல அடிச்சா உன் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதுதான் ஓடிபி. ஒரு தடவைதான் செல்லும். அதையும் அடிச்சா கதவு திறக்கும். யார்கிட்டயும் சொல்லித் தொலைக்காதே."

"அட, இவ்வளவுதானா!" என்று பவுனு நெல்லைப் போட்டுப் பூட்டிவிட்டுப் பறந்தது.

மறுநாள் அதற்கு ஒரு லிங்க் வந்தது. லிங்க் என்றால், தொட்டதும் வேறொரு பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகிற எழுத்து. 'இலவச முறுக்கு! யூசர்நேம், பாஸ்வேர்டு போடவும்.' இலவசம் என்றால் யாராவது யோசிப்பார்களா? பவுனு போட்டது. அந்தப் பக்கத்தைச் செய்து வைத்திருந்தது நரி. நரி நெல் தின்னுமா என்று என்னைக் கேட்காதீர்கள், திருடுகிறவன் ருசியா பார்க்கிறான்?

நரி கிடங்கு வாசலில் நின்று இரண்டையும் அடித்தது. பவுனுவுக்கு ஓடிபி போனது. நரி உடனே போன் போட்டது.

"வணக்கம்மா, கஸ்டமர் கேர்ல இருந்து சுந்தரேசன் பேசுறேன். இப்ப வந்த நம்பரைக் கொஞ்சம் படிங்க."

"ஒரு நிமிஷம் சார். எது வந்தாலும் சொந்தக்காரங்களைக் கூப்பிடாம நாங்க தொடுறதில்ல."

பவுனு பனைமர உச்சியில் ஏறியது. "கா! கா! கிடங்கு நம்பர் வந்திருக்கு, எல்லாரும் வாங்க! ஏழு, நாலு, ஒண்ணு, ஒம்பது!"

நரிக்கும் கேட்டது. அவசரமாக அடித்தது. கதவு திறந்தது. அதற்குள் சித்தப்பா, அத்தை, மச்சான், கல்யாணத்துக்கே வராத ஒன்றுவிட்ட பெரியம்மா வரைக்கும் வந்து இறங்கிவிட்டார்கள். நரியைக் காதிலும் வாலிலும் கொத்தி விரட்டிவிட்டு உள்ளே புகுந்தார்கள். பவுனு வந்து பார்த்தபோது உமிதான் கிடந்தது.

"ஐயோ, மழையில என் பிள்ளைங்க என்னத்தைத் தின்னும்!" என்று பவுனு தலையில் அடித்துக்கொண்டு அழுதது.

பெரியம்மா அலகைத் துடைத்துக்கொண்டே ஆறுதல் சொன்னாள். "அழாதேடி. நரி ஒரு மணியாவது தொட்டுச்சா? நாங்க இருக்கும்போது உன் சொத்தை வெளியாள் தின்ன விட்டுடுவோமா?"

நீதி: பாஸ்வேர்டு, ஓடிபி எல்லாவற்றையும் சொந்தக்காரர்களிடம் சொல்லி வையுங்கள், திருடனுக்கு ஒன்றுமே மிஞ்சாது.