ஹாரிக்குப் பத்து போன்

"பத்து போன் வரணும். ஞாயித்துக்கிழமை நாலு மணியிலேர்ந்து அஞ்சு மணிக்குள்ள. ஒன்பது வந்தாலும் உன் நிகழ்ச்சிய நிறுத்திடுவேன்," என்றார் பார்கவி மேடம்.

சென்னையில் அந்தத் தனியார் எஃப்.எம். வானொலிக்குப் பார்கவி மேடம்தான் நிகழ்ச்சித் தலைவர். அவர் நிறுத்திவிடுவேன் என்று சொன்ன எதுவும் அதன் பிறகு ஓடியதில்லை.

2004ஆம் வருடம் அது. ஞாயிறு மாலைகளில் ஒரு மணி நேரம், டிஜே ஹாரி என்ற பெயரில், ஹரீஷ் இரண்டு வருடமாக எலக்ட்ரானிக் நடன இசை ஒலிபரப்பிக்கொண்டிருந்தான். டிரான்ஸ், டெக்னோ, ஹவுஸ் என்று அதில் பல வகை. எல்லாவற்றுக்கும் அடியில் தும் தும் தும் தும் என்று ஒரே அடி. பெரும்பாலும் வார்த்தையே இருக்காது. ஒரு பாட்டு முடிவதும் அடுத்தது தொடங்குவதும் கேட்பவருக்குத் தெரியாதபடி, இரண்டின் தாளத்தையும் பொருத்தி இணைப்பதுதான் அவன் வித்தை. அதற்காக ஒரு வாரம் முழுக்க ஹெட்போனும் தலையுமாக உட்கார்ந்திருப்பான்.

"மேடம், இதைக் கேக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க."

"யாரு?"

மற்ற அறிவிப்பாளர்கள் மூச்சுக்கு மூச்சு ஸ்டூடியோ எண்ணைச் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். ஹரீஷ் ஒரு முறைகூடச் சொன்னதில்லை. சொல்லி, ஒருவரும் கூப்பிடாவிட்டால்? சொல்லாதவரைக்கும் ஆயிரம் பேர் கேட்பதாக நினைத்துக்கொள்ளலாம்.

"இந்த வாரம் நம்பரைச் சொல்லு. பாக்கலாம். சமையல் குறிப்புக்கு ஒரு அம்மா ஏற்கெனவே ரசம் வரைக்கும் ரெக்கார்ட் பண்ணிக் குடுத்துட்டாங்க. உன் நேரம்தான் காலியாகணும்," என்றார் மேடம்.

வெள்ளிக்கிழமை காலை ஹரீஷ் திருத்தணிக்கு ரயில் ஏறினான். அவன் அப்பா மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். ஆனால் அவன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மலைப்படி அடிவாரத்தில் இருந்த முஸ்தஃபாவின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போனான்.

முஸ்தஃபா அவனோடு பத்தாவது வரை படித்தவன். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு மலையிலிருந்து இறங்குகிறவர்கள், முடி கொடுத்தாகிவிட்டது என்று வீட்டுக்குச் சொல்ல அவன் பூத்தில்தான் வரிசையில் நிற்பார்கள். செல்போன்களால் பூத்துகள் அழிந்துவிடும் என்று நம்பியதால் முஸ்தஃபா கொள்கைக்காகச் செல்போன் வாங்காமலே இருந்தான்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் சிரித்தான். "பத்து இன்னாடா மச்சான் பத்து? அம்பது போன் பண்ண வெக்கறேன். என் பூத்துல நிக்கறவங்கள்ல நல்லா பேசறவனா பாத்து உள்ள தள்றேன்."

"பத்து போதும். ஆனா எல்லாரும் மெட்ராஸ்காரங்களா இருக்கணும். திருத்தணின்னு ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது." ஹரீஷ் ஒரு தாளை நீட்டினான். "இதுல பத்து பேர் கீது. ரோஷினி, அண்ணா நகர், காலேஜ் பொண்ணு. விக்ரம், அடையாறு, கம்ப்யூட்டர் கம்பெனி. பேரைச் சொல்லி, 'ஹாரி, ஐ லவ் யுவர் மியூசிக்'னு ஒரு வரி. வெச்சிடணும்."

மூலையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த முஸ்தஃபாவின் அம்மா ஆலம் பீ நிமிர்ந்தாள். "மொட்டை போட்டுகினு சந்தனத்தோட வர்றவன விக்ரம்னு சொல்லச் சொல்றியா பேட்டா?"

"போன்ல மொட்டை தெரியாதும்மா," என்றான் ஹரீஷ்.

"நீ நிம்மதியா போ மச்சான்," என்று முஸ்தஃபா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "ஞாயித்துக்கிழம நாலு மணிக்கு உன் போன் அலறும்."

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்கவி மேடம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் ஹரீஷ் மைக்கைத் திறந்தான்.

"ஹாய் சென்னை! திஸ் இஸ் டிஜே ஹாரி! ஃப்ரெண்ட்ஸ், இன்னிக்கு ஒரு சீரியஸ் விஷயம். இந்த ஷோ தொடரணுமா வேண்டாமான்னு நீங்கதான் சொல்லணும். கால் பண்ணுங்க!" என்று வாழ்க்கையில் முதல் முறையாக எண்ணைச் சொன்னான்.

நாலு ஐந்துக்குத் தொலைபேசியின் சிவப்பு விளக்கு சிமிட்டியது. முஸ்தஃபா வாழ்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அழைப்பை ஒலிபரப்பில் விட்டான்.

"ஹலோ! யாரு பேசறது? ரோஷினியா?"

"இல்லீங்க, வள்ளியம்மாங்க. பள்ளிப்பட்டுலேர்ந்து பேசறன்."

ஹரீஷுக்குத் திக்கென்றது. பத்துப் பெயர் எழுதிக் கொடுத்தால் பதினொன்றாவதாக ஒரு பெயரா?

"பள்ளிப்பட்டுன்னா... அண்ணா நகர் பக்கத்துலயா?"

"ஆந்திரா பக்கத்துலங்க. நாங்க தறி நெய்யறவங்க. மொட்டை மாடியில கம்பி கட்டி உங்க ஸ்டேஷன இழுத்துகினு கீறோம். உங்க தும் தும் வந்தா தறிக்குக் கால் தானா போவுதுங்க. நடுவுல நீங்க பேசறதுதான் கொஞ்சம் இடைஞ்சல்."

"தேங்க்யூ ரோஷினி!" என்று கத்திவிட்டு ஹரீஷ் இணைப்பைத் துண்டித்தான்.

கண்ணாடிக்கு அப்பால் மேடத்தின் புருவம் உயர்ந்தது. ஆனாலும் நோட்டில் ஒரு கோடு போட்டார்.

மறுபடி விளக்கு. இந்த முறை ஹரீஷ் ஜாக்கிரதையாக முந்திக்கொண்டான். "ஹலோ, அடையாறு விக்ரம்தானே?"

"நான் ஏன் சார் அடையாறு போறேன்? என் பேரு கண்ணையன். அரக்கோணம், ரயில்வே. ரெண்டு வருசமா உங்க நிகழ்ச்சி ஒண்ணு விட்டதில்ல. ஒரு குறை மட்டும் சொல்லலாமா?"

"ஷோ பிடிச்சிருக்குன்னு சொன்னா போதும் சார்."

"பிடிச்சிருக்கறதாலதான் சொல்றேன். போன மாசம் மூணாவது வாரம், ரெண்டாவது பாட்டுலேர்ந்து அடுத்ததுக்குப் போனீங்க பாருங்க, அங்க ஒரு அடி தட்டுச்சு. தண்டவாள ஜாயிண்டுல சக்கரம் ஏறினா சத்தத்த வெச்சே சொல்றவங்க நாங்க. எனக்கு அன்னிக்கு மனசே சரியில்ல."

உண்மைதான். அந்த ஒரு அடி பிசகியதை நினைத்து ஹரீஷும் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இது முஸ்தஃபாவுக்கு எப்படித் தெரியும்? எப்போதோ தானே அவனிடம் புலம்பியிருக்க வேண்டும். அதை எவனுக்கோ சொல்லிக்கொடுத்துப் பேச வைக்கிறான் படுபாவி!

"ராங் நம்பர்!" என்று ஒலிபரப்பிலேயே சொல்லித் துண்டித்தான்.

அடுத்ததாக ஒரு பெண், கே.ஜி.கண்டிகையில் தன் டீக்கடைக்கு இந்தப் பாட்டைக் கேட்கவே பஸ்காரர்கள் வருவதாகச் சொன்னாள். அதற்கடுத்து ஒருவர், தன் மெக்கானிக் ஷெட்டில் ஸ்பேனர்கூட இந்தத் தாளத்துக்குத்தான் சுற்றுகிறது என்றார். ரோஷினியைக் காணோம். விக்ரமைக் காணோம். சென்னையிலிருந்து ஒரு ஈ காக்கைகூடப் பேசவில்லை.

இதை உடனே நிறுத்தியாக வேண்டும். பதினோரு நிமிடம் ஓடும் ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, ஹரீஷ் மேஜைக்கடியில் குனிந்து தன் செல்போனிலிருந்து முஸ்தஃபாவின் பூத்தைக் கூப்பிட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

'எடுக்கக்கூட நேரமில்லாம ஆளுங்கள வரிசையில விட்டுகினு கீறான்!' என்று பல்லைக் கடித்தான்.

நிமிர்ந்து பார்த்தால் தொலைபேசியின் நான்கு விளக்குகளும் சேர்ந்து சிமிட்டிக்கொண்டிருந்தன. எடுக்காமல் இருந்தால் மேடம் சந்தேகப்படுவார். எடுத்தான்.

"நைனா, நகரிலேர்ந்து பேசறேன்," என்றது ஒரு கிழக் குரல். "சால பாகுந்தி நைனா உன் பாட்டு!"

நகரி! ஆந்திரா! மாநில எல்லையையே தாண்டிவிட்டானா முஸ்தஃபா?

"எங்க பாவா, அக்கா வூட்டுக்காரு, அவருக்கு ரெண்டு காதும் கேக்காது நைனா. உன் பாட்டு மட்டும் அவருக்குக் கேக்குது. ஸ்பீக்கர் மேல கைய வெச்சிகினு உக்காந்துடுவாரு. நெஞ்சுல இடிக்குதாம். ஞாயித்துக்கிழம ஆனா மூணு மணிக்கே குளிச்சிட்டு..."

ஹரீஷுக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. டிஜே ஹாரியின் ஸ்டைலும் இங்கிலீஷும் எங்கே போயினவோ தெரியவில்லை, திருத்தணி பஸ் ஸ்டாண்டு வாயில் வந்து நின்றது.

"யோவ், கத வுடறதுக்கும் ஒரு அளவு வாணாம்? செவிடன் எப்பிடிய்யா ரேடியோ கேப்பான்? இன்னா நெனச்சுகினு கீறான் அந்த முஸ்தஃபா? போதும்னு சொல்லு அவன்கிட்ட! ஒரு வரி சொல்லச் சொன்னா ஆளாளுக்கு நாடகம் போட்டுகினு கீறீங்க!"

"முஸ்தஃபா எவரு நைனா?" என்றது குரல் பயந்துபோய்.

பார்கவி மேடம் எழுந்து நின்றுவிட்டார். கையிலிருந்த பேனா கீழே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி வழியாக அந்த முகத்தைப் பார்த்ததும் ஹரீஷ் பாட்டின் ஒலியைக் குறைத்துவிட்டு மைக்கின் அருகே போனான்.

"நேயர்களே, மன்னிச்சுக்கோங்க. இதுவரைக்கும் பேசின யாரும் நிஜம் இல்ல. எல்லாம் எங்க ஊர்ல என் ஃப்ரெண்டு பூத்துலேர்ந்து நான் ஏற்பாடு பண்ணிப் பேச வெச்ச ஆளுங்க. இந்த நிகழ்ச்சிய யாரும் கேக்கறதில்ல. அது எனக்கு ரெண்டு வருசமா தெரியும். தெரிஞ்சேதான் பண்ணிகினு இருந்தேன். ஏன்னா எனக்கு இது பிடிக்கும்."

ஹெட்போனைக் கழற்றி வைத்தான். நான்கு விளக்குகளும் இன்னும் சிமிட்டுவதை நிறுத்தவில்லை. வெறுப்பில் தொலைபேசியின் ஒயரைப் பிடுங்கி எறிந்தான்.

கதவைத் திறந்துகொண்டு மேடம் வந்தார். நோட்டை அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். "பதினாலு போன் ஹரீஷ். எடுத்தது, எடுக்காதது எல்லாம் எண்ணினேன். பத்து வந்தப்பவே சரி, தொடரட்டும்னு முடிவு பண்ணிட்டேன். நீ வாயை மூடிகிட்டு இருந்திருக்கலாமே?"

"எல்லாம் பொய் மேடம்."

"அதை ஏன் ஒலிபரப்பி எனக்குச் சொல்ற?" மேடம் பெருமூச்சு விட்டார். "அடுத்த வாரம் ரசம்."

திங்கட்கிழமை காலை முதல் ரயிலில் ஹரீஷ் திருத்தணியில் வந்து இறங்கினான். வழியெல்லாம் முஸ்தஃபாவைத் திட்ட வேண்டியதை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்திருந்தான். அடிவாரத்தில் பூத் திறந்திருந்தது. வாசலில் ஒரு மொட்டைத் தலையும் இல்லை. உள்ளே முஸ்தஃபா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். ஹரீஷைக் கண்டதும் பேயைக் கண்டவன் போல எழுந்தான். முகம் வெளுத்துவிட்டது.

"மச்சான், மன்னிச்சிடுடா. தப்புதான். உன் மூஞ்சில எப்பிடி முழிக்கறதுன்னே..."

"பண்றதெல்லாம் பண்ணிட்டு மன்னிப்பா? உன்னால என் வேலையே போச்சுடா!"

"போயிடுச்சா?" முஸ்தஃபாவின் கண்கள் கலங்கிவிட்டன. "நான் நெனச்சேன் மச்சான், இப்பிடித்தான் ஆவும்னு. ஆனா நான் இன்னா பண்ணுவேன், அந்த..."

"பேசாத! ரோஷினின்னு எழுதிக் குடுத்தா பள்ளிப்பட்டு வள்ளியம்மாவப் பேச வெக்கற. தறி மிதிக்கறாளாம்! அரக்கோணத்துக் கண்ணையன் என் மிக்ஸிங்ல குத்தம் கண்டுபுடிக்கறான். அதோட வுட்டியா? நகரியிலேர்ந்து ஒரு கெழவன். அவன் பாவா செவிடாம், ஸ்பீக்கர் மேல கைய வெச்சிகினு என் பாட்டக் கேக்கறானாம்! பதினாலு பேருடா! எங்கேர்ந்துடா புடிச்ச இவங்கள எல்லாம்?"

முஸ்தஃபா சட்டைப்பையில் கைவிட்டு, மடித்தது மடித்தபடியே இருந்த தாளை வெளியே எடுத்தான். அதையும் ஹரீஷையும் மாறி மாறிப் பார்த்தான். "யாருடா வள்ளியம்மா?" என்றான்.

"நடிக்காத!"

மூலையிலிருந்து ஆலம் பீ எழுந்து வந்து, மேஜை மேலிருந்த ரிசீவரை எடுத்து ஹரீஷின் காதில் வைத்து அழுத்தினாள். அதில் ஒரு சத்தமும் இல்லை.

"சனிக்கிழம சாயங்காலம் இடி விழுந்து கேபிள் அறுந்ததுலேர்ந்து ஊர்ல ஒரு போனும் பேசல பேட்டா, உனக்கு ஒருத்தரும் போன் பண்ணியிருக்க மாட்டாங்களேன்னு இவன் நேத்துலேர்ந்து சோறு தின்னாம அழுதுகினு கீறான்!"