ராடார் பாயும் வயலில் விழுந்த வெள்ளைப் பெட்டியும்

உலகத்து இராணுவங்களிடம் இன்னும் ஏதேனும் இரகசியம் மிஞ்சியிருக்குமானால், அது ராடார் பாயின் காதுக்கு எட்டாததாகத்தான் இருக்கவேண்டும். அவர் காதுக்கு எட்டியது எதுவாயினும், மறுநாள் காலைக்குள் மன்னார்குடிக்குத் தெற்கே உள்ள எங்கள் ஊரின் மூன்று தேநீர்க் கடைகளுக்கும் எட்டிவிடும்.

அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று உண்டு. அது குடும்ப அட்டையில் பத்திரமாக இருக்கிறது. முத்துப்பேட்டையில் பிறந்தவர். வளைகுடா நாட்டில் பல ஆண்டுகள் மாடிக்கு மாடி ஏறி டிஷ் ஆன்டெனா பொருத்தியவர். எங்கள் ஊரில் பெண் எடுத்தபின் இங்கேயே தங்கி, அதே தொழிலைச் செய்துவந்தார். அவருடைய மொபெட்டின் பின்னால் எப்போதும் ஒரு டிஷ் நிமிர்ந்து நிற்கும். தூரத்தில் அவர் வரும்போது, ராடார் தட்டு வைத்த போர்க்கப்பல் ஒன்று வாய்க்கால் கரையில் வழிதவறி வருவது போல் தோன்றும். பெயர் அப்படித்தான் நிலைத்தது.

அவருடைய கொள்கை எளிமையானது. ஏதோ ஒரு தேசத்து இராணுவம் ஏதோ ஒரு சோதனையை இரகசியமாக நடத்துகிறது. செய்தி வெளியே கசிகிறது. உடனே மேலிடத்தார் தொலைக்காட்சிக்காரர்களை அழைத்து, அதையே தொடராக எடுக்கும்படி உத்தரவிடுகிறார்கள். அதன்பின் உண்மையைக் கண்ணால் கண்டவன் ஊருக்குள் வந்து சொன்னாலும், நாடகம் பார்த்துவிட்டு உளறுகிறான் என்று ஊர் சிரித்துவிடும்.

"பொய் சொல்லி மறைக்கிறது பழைய முறைண்ணே," என்பார் என்னிடம். "படம் புடிச்சுக் காட்டியே மறைக்கிறதுதான் இப்ப உள்ள முறை."

எங்கள் வீட்டில் டிஷ் பொருத்த வந்தவர், அதை ஒரு சாண் மேற்கே திருப்பி வைத்துவிட்டுப் போனார். நேராக வைத்தால் நாம் பேசுவதை வானத்திலிருந்து ஒட்டுக்கேட்பார்களாம். விளைவாக, என் மனைவி மூன்று நாட்கள் புரியாத மொழியில் ஒருவர் ஆட்டிறைச்சி சமைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பேசப்படுவது உளுந்தின் விலையும் என் முழங்கால் வலியும்தான் என்றேன். அதைத்தான் அவர்கள் தேடுகிறார்கள் என்று பாய் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டைப் பற்றியும் அவரிடம் ஒரு கதை இருந்தது. அங்கே சேற்றுக்கு அடியில் ஒரு கூடம் இருக்கிறதாம். அதில் கொக்குகளைக் கொண்டு என்னவோ சோதிக்கிறார்களாம். ஒருமுறை படப்பிடிப்புக்காக அந்தப் பக்கம் வந்து தங்கியிருந்தவர்களின் விடுதிக்கு டிஷ் பொருத்தப் போனவர், வேலை முடிந்தபின் இரண்டு மணி நேரம் அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிட்டு வந்தார். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தமிழ்த் தொடரில், கதாநாயகன் அலையாத்திக் காட்டுச் சேற்றுக்குள் இறங்கி ஒரு கூடத்தைக் கண்டுபிடித்தான். உள்ளே கூண்டு கூண்டாகக் கொக்குகள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் பாய் என் வாசலில் நின்றார். முகத்தில் பத்து வழக்குகளில் வென்ற ஒளி.

"பாத்தீங்களா? டிவியிலயே வந்துடுச்சு."

"பாய், அது நீங்க சொன்ன கதை."

"நான் சொன்னேங்கிறதுக்காக எடுத்துடுவானா? மேல விசாரிச்சிருப்பான்ல?"

எங்கள் பகுதியில் மேல்வயலிலிருந்து வடியும் நீர்தான் கீழ்வயலுக்குப் பாசனமாகிறது. வதந்தியும் அவ்வாறே என்பதை அன்று அறிந்தேன். தேநீர்க் கடையில் வடிந்தது தொடரில் பாய்ந்தது. தொடரில் வடிந்தது மீண்டும் தேநீர்க் கடையில் பாய்ந்தது. எந்த வயலிலும் விதைத்தவர் யார் என்று எவரும் கேட்கவில்லை.

இனி வெள்ளைப் பெட்டியின் கதைக்கு வருகிறேன்.

எனக்கு மூன்று மா நிலம் இருக்கிறது. ஓர் ஏக்கர் என்று கொள்ளலாம். என் தகப்பனார் பிறர் வயலில் கூலிக்கு அறுத்தவர். என் பெயரில் பட்டா உள்ள இந்த மூன்று மாவின் நெல் எனக்கு வெறும் நெல் அன்று. அந்தத் தை மாதம் சம்பாப் பயிர் முற்றி, முந்தைய வார மழையில் பாதி சாய்ந்து கிடந்தது. கிழக்கே மறுபடியும் மேகம் கட்டியிருந்தது. ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த அறுவடை இயந்திரம் நண்பகலில் வேறு ஊருக்குப் போவதாக இருந்தது; விட்டால் எட்டு நாள் கழித்துத்தான் முறை வரும். எட்டு நாள் நனைந்தால் கதிரிலேயே நெல் முளைத்துவிடும்.

காலை ஒன்பது மணிக்கு இயந்திரம் வரப்போரம் வந்து நின்றது. அப்போதுதான் வயலின் நடுவே, சாய்ந்த கதிர்களின் மேல், ஒரு வெள்ளைப் பெட்டியைக் கண்டோம். செங்கல் அளவுதான் இருக்கும். அதிலிருந்து நீண்ட நூல் ஒன்றும், நூலின் முனையில் கிழிந்த ரப்பர்த் துண்டும் கிடந்தன.

அந்த நேரம் பார்த்து அந்த வழியே வந்த ராடார் பாய் மொபெட்டை நிறுத்தினார். பெட்டியைக் கண்டார். இரு கைகளையும் விரித்து எங்களை மறித்தார்.

"யாரும் இறங்காதீங்க. அதே பெட்டி."

அந்த நாட்களில் தமிழில் குரல் மாற்றிய வெளிநாட்டுத் தொடர் ஒன்று வந்துகொண்டிருந்தது. அதில் இராணுவ ஆய்வுக்கூடத்திலிருந்து தப்பிய ஒரு வெள்ளைப் பெட்டியைத் தொட்டவர்களுக்கெல்லாம் தம் பெயரும் மறந்துபோகும். பாய் அதை விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இயந்திர ஓட்டுநர் அதற்குள் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டார். அவரும் அந்தத் தொடரை ஒருநாள் விடாமல் பார்ப்பவராம்.

"வீட்ல ரெண்டு புள்ளைங்க இருக்குங்க பெரியவரே," என்றார். "அவங்களை அடையாளம் தெரியாம போயிட்டா என்ன பண்றது?"

அரை மணி நேரம் மன்றாடினேன். அது நாடகம் என்றேன். நாடகமாக எடுத்திருப்பதுதான் சான்று என்று பாய் சொன்னதையே ஓட்டுநர் திருப்பிச் சொன்னார். கிழக்கிலிருந்து ஈரக்காற்று வீசத் தொடங்கியது. ஓட்டுநர் கைபேசியில் அடுத்த ஊர்க்காரரை அழைத்தார். நானே எடுத்துவிடுகிறேன் என்று வேட்டியை மடித்துக்கட்டி வரப்பிலிருந்து காலை எடுத்து வைத்தேன்.

பாய் என் கையைப் பற்றினார். சாய்ந்து கிடந்த நெல்லைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், கடைசியாக என்னைப் பார்த்தார்.

"நீங்க வேணாம். உங்ககிட்ட எழுபது வருஷத்து ஞாபகம் இருக்கு. போச்சுன்னா திரும்பச் சேக்க முடியாது. என்கிட்ட கொஞ்சம்தான் இருக்கு, அதுலயும் பாதி டிவியில பாத்தது."

பிறகு மொபெட் சாவியை என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"எனக்கு எதுவும் தெரியாமப் போயிட்டா, பள்ளிவாசலுக்குப் பின்னால மூணாவது வீட்டுல கொண்டுபோய் விட்டுடுங்கண்ணே. கோவப்படுவா. அவதான் என் வீட்டுக்காரின்னு எனக்கு எடுத்துச் சொல்லுங்க."

தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டார். இரு கைகளிலும் யூரியாச் சாக்கைச் சுற்றிக்கொண்டார். மொபெட்டின் பின்னால் இருந்த டிஷ்ஷைக் கழற்றி மார்புக்கு முன் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, "பிஸ்மில்லா" என்று சொல்லி வயலில் இறங்கினார். போர்க்களம் புகும் தளபதியைப் போல் இருந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் உண்மையில், சேற்றில் கால் புதைந்த கொக்கு ஒன்று தட்டை ஏந்திச் சோறு வாங்கப் போவது போல் இருந்தது. சிரிக்க வாய் எடுத்தேன், உள்ளங்கையில் மொபெட் சாவி உறுத்தியது, சிரிக்கவில்லை.

கண்களை மூடிக்கொண்டு பெட்டியைத் தூக்கினார். அப்படியே வந்து வரப்பில் வைத்தார். ஓட்டுநர் நான்கு அடி பின்வாங்கினார். நான் குனிந்து பெட்டியின் மேல் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தேன். வானிலைக் கருவி, பலூனில் கட்டிப் பறக்கவிட்டது, ஆபத்தற்றது என்று எழுதியிருந்தது.

"வேற எப்படி எழுதுவான்?" என்றார் பாய், கண்களைத் திறவாமலே.

"பாய், நான் யாரு?" என்று கேட்டேன்.

கண்களைத் திறந்து என்னை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். ஓட்டுநர் இன்னும் ஓர் அடி பின்வாங்கினார்.

"நான் சொன்ன எதையும் நம்பாத ஆளு," என்றார் பாய்.

ஓட்டுநர் சிரித்துக்கொண்டே எஞ்சினை முடுக்கினார். நண்பகலுக்குள் மூன்று மாவும் அறுபட்டு, நெல் தார்ப்பாய்க்கு அடியில் போய்விட்டது. மூன்று மணிக்கு மழை கொட்டியது. அந்த மழையையும் இராணுவந்தான் பெய்வித்தது என்று அன்று மாலையே தேநீர்க் கடையில் பாய் நிறுவிவிட்டார்.

இப்போதும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து அவர் எங்கள் தெரு வழியாகத்தான் வருகிறார். மொபெட்டைக் கைகாட்டி நிறுத்தி, நான் யார் என்று கேட்கிறேன். அவரும் யோசிப்பது போல் சற்று நின்று, அதே பதிலைச் சொல்லிவிட்டுப் போகிறார். ஒரு வெள்ளிக்கிழமை அவர் வரத் தாமதமானால், பெட்டி தன் வேலையைக் காட்டிவிட்டதோ என்று வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பவன், அவர் சொன்ன எதையும் நம்பாத நான்தான்.